எப்பாடம் கற்பது, எத்தொழில் கொள்வது?



இலங்கையிலே பாடசாலை செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் ஒன்பதாம் தரத்தின் முடிவிலே ஒரு தெரிவைச் செய்கிறது. அப்பொழுது அதற்கு வயது பதினான்கு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடங்கள் உண்டு. சமயம், முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் பொதுவானவை. எஞ்சிய மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்தல் வேண்டும். முதல் தொகுதியிலே வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியுரிமைக் கல்வி, இரண்டாம் மொழியாகிய சிங்களம் போன்றவை அடங்கும். இரண்டாவது தொகுதியிலே சங்கீதம், சித்திரம், நடனம், இலக்கியம் முதலிய கலைகள் இடம்பெறும். மூன்றாவது தொகுதியிலே தகவல் தொழினுட்பம், விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும் போன்ற செய்முறைப் பாடங்கள் உள்ளன.

மூன்றே பாடங்கள்தாமே, இதில் என்ன பெரிய ஆலோசனை வேண்டியிருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இத்தெரிவுக்கு அப்பால் ஒரு நெடும்பாதை தொடங்குகிறது. சாதாரண தரத்திலே குறைந்தது 6 பாடங்களிற் சித்தியும், அவற்றுள் 3 பாடங்களிலே திறமைச் சித்தியும் பெற்றவர்களே வழக்கமாக உயர்தர வகுப்பிற் சேர்கின்றனர். அங்கே கலை, வர்த்தகம், உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் என்ற பிரிவுகளும், 2013ஆம் ஆண்டிலே புதிதாகச் சேர்ந்த தொழினுட்பப் பிரிவும் உள்ளன. ஒரு பிரிவிலே கால் வைத்தவர் பின்னர் வேறொன்றுக்கு மாறுவது எளிதன்று. விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் பதினான்கு வயதிலே தளர விட்ட பிள்ளை, பதினாறு வயதிலே உயிரியல் வகுப்பின் வாயிலில் நின்றாற் பயனில்லை. கதவு அடைபட்டது பதினாறிலே என்று தோன்றும். உண்மையில் அது ஈராண்டுக்கு முன்னரே அடைபட்டுவிட்டது.

இந்தப் பொதுவான செய்தியை டயகம என்னும் ஓர் ஊரில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றைக் கடந்து ஏறிச் செல்லும் மலைப்பாதை டயகமவை அடைகிறது. அதற்கப்பால் ஹோட்டன் சமவெளியின் மலைகள் எழுந்து நிற்கின்றன. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், தோட்டங்களுக்கிடையே லயங்கள். இங்கே ஒன்பதாம் தரத்துப் பிள்ளை தன் பாடங்களை எப்படித் தெரிந்தெடுக்கிறது? பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் தோழி எழுதியதையே இவளும் எழுதுவாள். அன்றேல் எந்தப் பாடத்துக்குப் பாடசாலையிலே ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடம் அவளுக்கு வாய்க்கும். வீட்டுக்கு வரும் தாளிலே தாய் கையொப்பம் இடுவாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. கேட்டாலும் அதன் பொருளைச் சொல்வார் இல்லை.

இதனைப் பெற்றோரின் அசட்டை என்று கூறிவிடுவது நியாயமன்று. தோட்டத்திலே கல்வி எப்படி வந்தது என்பதை நினைவிற்கொண்டால் இது விளங்கும். 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று விதித்தன. ஆயினும் அவை வகுத்தது சின்னஞ்சிறு வயதுக்குரிய எழுத்தும் கணக்கும் மாத்திரமே. பத்து வயதைக் கடந்த பிள்ளைக்குக் கொழுந்துக் கூடை காத்திருந்தது. 1945ஆம் ஆண்டிலே நாட்டில் இலவசக் கல்வி வந்தபொழுதும் தோட்டப் பாடசாலைகள் அத்திட்டத்துக்குப் புறத்தே நின்றன. 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. ஆகவே இன்று ஒன்பதாம் தரத்திலே படிக்கும் பிள்ளையின் பாட்டனாருக்குத் தெரிவு என்ற ஒன்றே இருந்ததில்லை. தெரிவு செய்யும்படி ஒருபோதும் கேட்கப்படாத குடும்பத்திடம், தெரிவு செய்யத் தெரியவில்லையே என்று குறை கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

நகரத்துப் பிள்ளையின் நிலை வேறு. அதற்கு ஒரு மாமன் வங்கியிலே வேலை பார்ப்பார். ஒரு சித்தப்பா மருந்தாளராக இருப்பார். அடுத்த வீட்டு அக்காள் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வருவாள். எந்தப் படிப்பு எங்கே கொண்டு செல்லும் என்பதை அப்பிள்ளை சாப்பாட்டு வேளையிலேயே கேட்டு வளர்கிறது. எவரும் அதற்குப் பாடம் நடத்துவதில்லை. ஆயினும் அது அறிந்துகொள்கிறது. லயத்துப் பிள்ளைக்கு அந்த மாமனும் இல்லை, அந்த அக்காளும் இல்லை. அறிவிலே குறைவன்று, செய்தியிலேதான் குறைவு. ஆதலால் அந்த மாமனாகப் பாடசாலையே நிற்க வேண்டும்.

அப்படி எவரும் நில்லாதபொழுது வேறு சிலர் வந்து நிற்கின்றனர். கொழும்பிலே ஒரு வீட்டில் வேலை இருக்கிறது, கடையிலே இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு தரகர் வருகிறார். அவர் தொகையையும் சொல்கிறார், நாளையும் சொல்கிறார். பாடசாலையோ ஒன்றையும் திட்டமாகச் சொல்வதில்லை. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, கொழும்பில் ஒரு வீட்டிலே வேலை பார்த்த டயகமச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் மருத்துவமனையிலே இறந்தாள். அவளுக்கு வயது 16. மலையகம் எங்கும் மக்கள் வீதிக்கு வந்து நீதி கேட்டனர். கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016ஆம் ஆண்டிலேயே 16 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021ஆம் ஆண்டிலே 14இலிருந்து 16 ஆக்கப்பட்டது. சட்டம் வேண்டியதே. ஆயினும் சட்டம் ‘போகாதே’ என்று மாத்திரமே சொல்லும். ‘இங்கே வா, இப்படிச் செல்’ என்று சொல்லும் குரலொன்றும் வேண்டுமன்றோ? அக்குரல் தரகருடைய குரலுக்கு முந்தி அந்த வீட்டை எட்ட வேண்டும்.

தொழில் வழிகாட்டல் என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று பிறந்த ஆடம்பரமன்று. 1908ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் அதற்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். கடல் கடந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் நிறைந்த பகுதியிலேதான் அது தொடங்கிற்று. அவர் அதே ஆண்டிலே காலமானார். அவர் எழுதிய நூல் மறு ஆண்டிலே வெளிவந்தது. அவர் வகுத்த வழி மிக எளியது. முதலாவதாகத் தன்னை அறிதல். இரண்டாவதாகத் தொழில்களை அறிதல். மூன்றாவதாக இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்தல். நூறாண்டுகளுக்கு மேலாகியும் இதனினும் தெளிவான வழி சொல்வது கடினம். இம்மூன்றும் டயகமவுக்கும் பொருந்தும்.

முதலிலே பிள்ளையை அறிதல். இதற்கு ஒரு நாட் சோதனை போதாது. ஏழாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை மூன்றாண்டுப் புள்ளிகளை ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை வெளிப்படும். எந்தப் பாடத்திலே புள்ளி ஏறி வருகிறது, எதிலே இறங்குகிறது என்பது தெரியும். ஆசிரியர் மாறியபொழுது இறங்கிய புள்ளியும், கொழுந்து மிகுந்த மாதங்களிலே பாடசாலைக்கு வராததால் இறங்கிய புள்ளியும் பிள்ளையின் திறமைக் குறைவைக் காட்டுவன அல்ல. புள்ளிகளுக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். பழுதான வானொலியைப் பிரித்து மாட்டும் பையனும், தம்பி தங்கையருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறுமியும், காய்கறிப் பாத்தியிலே கண்ணும் கருத்துமாக இருக்கும் பிள்ளையும் தங்கள் திறத்தைத் தாங்களே காட்டிக்கொண்டிருக்கின்றனர். பார்க்கும் கண்தான் வேண்டும்.

இரண்டாவது, தொழில்களை அறிதல். மலையகத்துப் பிள்ளையிடம் என்ன வேலை விருப்பம் என்று கேட்டால் ஆசிரியர், மருத்துவர், பொலிஸ் என்ற இரண்டு மூன்று விடைகளே பெரும்பாலும் கிடைக்கும். அது கண்ட உத்தியோகங்கள் அவ்வளவே. ஆனால் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. டயகமவின் மலைகளிலே பெய்யும் மழை ஆக்ரா ஓயாவாக இறங்கிக் கொத்மலை ஓயாவிலே சேர்கிறது. தலவாக்கலையிலே அந்நீரை மறித்து, 2012ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் மின்சாரம் பிறப்பிக்கும் ஆற்றல் உடையது. அத்தகைய ஒரு நிலையத்திலே எத்தனை வகையான வேலைகள் உண்டு! பொறியியலாளர், மின்னியலாளர், இயந்திர வல்லுநர், நீரை அளப்பவர், கணக்கர் ஆகிய அனைவரும் அங்கே வேண்டும். தங்கள் ஊர் நீர் தரும் வேலைகளையேனும் அவ்வூர்ப் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

தேயிலையையே எடுத்துக்கொள்ளலாம். தேயிலை என்றால் கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் என்று மாத்திரமே பிள்ளைகள் எண்ணுகின்றனர். அதனால் அதை வெறுக்கவும் செய்கின்றனர். 1925ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலே இருக்கிறது. மண்ணை ஆராய்வோரும், பூச்சியையும் நோயையும் ஆராய்வோரும், புதிய செடி வகைகளை உண்டாக்குவோரும் அங்கே பணிபுரிகின்றனர். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. தேயிலைச் செடியைப் பிறந்த நாள் முதலாகப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதே செடியைப் பற்றிய அறிஞனாக வருவதற்கு வழி இருக்கிறது. அவ்வழி ஒன்பதாம் தரத்து விஞ்ஞான வகுப்பினூடாகச் செல்கிறது.

மூன்றாவது, பொருத்திப் பார்த்தல். இங்கே பின்னிருந்து முன்னாக எண்ணும் பழக்கம் வேண்டும். ஒரு சிறுமி தாதியாக வேண்டும் என்று விரும்புகிறாள் என்று கொள்ளலாம். தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்திலே விஞ்ஞானப் பாடங்களிற் சித்தி கேட்கப்படுவது வழக்கம். உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குச் சாதாரண தரத்திலே விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல பெறுபேறு வேண்டும். ஆகவே இன்று அவளுக்கு வேண்டியது தாதி உடுப்பின் கனவன்று. நாள்தோறும் ஒரு மணி நேரக் கணிதம். மற்றொருவன் ஆசிரியனாக விரும்பினால், கொட்டகலைக்கு அண்மையிலே பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அதற்கு உயர்தரப் பெறுபேறே திறவுகோல். அரசாங்க அலுவலகத்திலே பணியாற்ற விரும்பும் பிள்ளைக்கு இரண்டாம் மொழியாகிய சிங்களம் பெருந்துணை செய்யும். தாய்மொழியை ஊன்றிக் கற்று, அயலவர் மொழியையும் அறிந்தவருக்கு மலைநாட்டிலே என்றும் மதிப்பு உண்டு.

எந்தத் தொழிலை விரும்பினாலும் கணிதத்தையும் தாய்மொழியையும் தளர விடலாகாது. இன்னும் எதிலும் மனம் படியாத பிள்ளைக்கு இதுவே தலைசிறந்த ஆலோசனை. பதினான்கு வயதிலே தொழிலைத் தீர்மானித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூடிய மட்டும் பல கதவுகளைத் திறந்து வைத்திருப்பதே அவ்வயதின் கடமை. விருப்பம் பின்னர் மாறலாம். மாறும்பொழுது செல்வதற்கு வழி இருத்தல் வேண்டும்.

அடுத்து, பாடசாலையைப் பற்றிய உண்மையையும் பெற்றோருக்கு ஒளியாமற் சொல்ல வேண்டும். எல்லாப் பாடசாலைகளும் ஒரே வகையின அல்ல. ஒன்று ஏபி என வகுக்கப்பட்ட பாடசாலைகளிலே உயர்தர விஞ்ஞானமும் உண்டு. ஒன்று சி வகையிலே உயர்தரக் கலையும் வர்த்தகமும் இருக்கும், விஞ்ஞானம் இராது. இரண்டாம் வகைப் பாடசாலை பதினொன்றாம் தரத்தோடு நின்றுவிடும். பிள்ளையின் விருப்பத்துக்குரிய பிரிவு ஊரிலே இல்லையெனில் எங்கே இருக்கிறது, பேருந்து எத்தனை மணிக்கு, தங்குவதற்கு விடுதியோ உறவினர் வீடோ உண்டா, மாதம் எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகளை ஒன்பதாம் தரத்திலேயே கேட்டால் ஆயத்தம் செய்ய ஈராண்டு கிடைக்கும். பெறுபேறு வந்தபின் கேட்டால் ஈராண்டின் வேலையைச் சில நாள்களிலே செய்ய நேரும். அந்த அவசரத்திலே பெண்பிள்ளைகளின் படிப்பே முதலில் நிறுத்தப்படுகிறது.

பல்கலைக்கழகம் எட்டாக் கனி என்ற எண்ணமும் லயங்களிலே வேரூன்றியிருக்கிறது. பல கற்கைநெறிகளுக்கு 40 வீதம் வரையான இடங்கள் நாடு முழுவதற்குமான தகுதி வரிசையிலும், 55 வீதம் வரை மாவட்டங்களின் குடித்தொகை அளவிலும் வழங்கப்படுகின்றன. மேலும் 5 வீதம் வரை கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அப்பதினாறிலே நுவரெலியா மாவட்டமும் ஒன்று. இச்செய்தியை அறிந்த பிள்ளை இன்னும் சற்று ஊக்கத்தோடு படிக்கும். ஒதுக்கிய இடம் காலியாகவே வந்து மடியில் விழாது; ஆனால் இடம் உண்டு என்று தெரியாதவர் அதற்காக முயலவும் மாட்டார்.

பரீட்சையிலே பின்தங்கும் பிள்ளையை மறந்துவிடுதல் எல்லாவற்றிலும் பெருந்தவறு. சாதாரண தரத்திலே தவறினால் எல்லாம் முடிந்தது என்பது பழைய எண்ணம். 2017ஆம் ஆண்டு முதல் பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ், சாதாரண தரப் பெறுபேறு எவ்வாறாயினும் தெரிந்தெடுத்த பாடசாலைகளிலே தொழிற்பாடப் பிரிவில் தொடர்ந்து படிக்க வழி ஏற்பட்டது. தேசியத் தொழிற் தகைமை என்னும் ஏணி ஏழு படிகளைக் கொண்டது. முதல் நான்கு படிகள் கைத்தொழில் வல்லுநருக்குரியவை. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. குழாய் பொருத்துநராகத் தொடங்கும் இளைஞன் படிப்படியாக ஏறிப் பட்டதாரியாகலாம். ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவை மலைநாட்டிலேயே உள்ளன. சான்றிதழின்றிக் கொழும்புக்குச் செல்பவன் கொடுத்த கூலியை வாங்குகிறான். சான்றிதழோடு செல்பவன் தன் கூலியைக் கேட்டு வாங்குகிறான். இருவரும் ஒரே பேருந்தில் இறங்கினாலும் அவர்கள் சென்றடையும் இடம் ஒன்றன்று.

இவையெல்லாம் நடைபெறுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே ஒன்பதாம் தரப் பெற்றோரை அழைத்துப் பேசினாற் போதும். ஆனால் அழைக்கும் நேரத்தை அறிந்து அழைத்தல் வேண்டும். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்று அரைப்பேர் போய்விடும். அவள் வராவிட்டால் அக்கறையில்லாதவள் என்ற பெயரும் வந்துவிடும். கொழுந்து நிறுத்து முடிந்த மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைத்தால் அவள் வருவாள். லயத்திலிருந்து படித்து உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் வந்து, தாம் எந்தப் பாடம் எடுத்தார், எங்கே தங்கினார், எவ்வளவு செலவாயிற்று என்று உள்ளபடி சொன்னால், அது பத்துப் புத்தகங்களுக்குச் சமானம். அவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மின்னியலாளரும் வரலாம், தபாலகத்து எழுதுவினைஞரும் வரலாம்.

பாடத்திட்டங்கள் காலத்துக்குக் காலம் மாறும். தொகுதிகளின் பெயரும் பாடங்களின் எண்ணிக்கையும் நாளை வேறாகலாம். ஆயினும், எந்த முறை வந்தாலும் பிள்ளை ஒரு வேளையிலே பாதை பிரியும் இடத்துக்கு வந்தே தீரும். டயகமவிலும் அதுபோன்ற ஊர்களிலும் ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால், இக்கிழமையிலேயே அப்பிள்ளையின் புள்ளித்தாளைக் கையிலெடுத்து, வகுப்பாசிரியரிடம் சென்று மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. இப்பிள்ளை எதிலே வல்லது? அதற்குரிய பாடம் எது? அப்பாடம் எந்தப் பாடசாலையிலே இருக்கிறது? எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இம்மூன்றையும் கேட்கலாம். அவற்றுக்கு விடை சொல்ல ஆயத்தமாக இருப்பது பாடசாலையின் கடமை.